அடுத்தவள் கையெழுத்து

சலீமாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை. இதை அவள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருப்பதால் இங்கே எழுத எனக்குக் கூச்சமில்லை. ரோட்டைக் கடக்கும் முன் எல்லோரும் இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். இவள் பார்த்து முடித்ததும் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பாள். கல்லூரி விடும் நேரத்தில் எங்கள் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஸ்கூட்டர்கள் கண்மண் தெரியாமல் வரும் என்பது உண்மைதான். அதற்காக இருபத்தாறு வயதுப் பெண்ணைத் தினமும் கையைப் பிடித்து பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது கல்லூரிக்கு எதிரே ஒரு ஆன்லைன் சென்டரில். ஜெராக்ஸ் மெஷின் என் பொறுப்பு. பதினோரு வருஷமாக அதன் சூட்டில்தான் நிற்கிறேன், படிப்பு பத்தாவதோடு சரி. கம்ப்யூட்டரில் விண்ணப்பங்கள் நிரப்புவது சலீமாவின் வேலை. அவள் பி.ஏ. இங்கிலீஷ். முதலாளி இராமதாஸ் சார் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டுப் போவார். எதுவும் சொல்ல மாட்டார். அவர் வந்து நின்றாலே சலீமா அடித்ததை அழித்து மறுபடி அடிப்பாள்.

வேலையில் மட்டும் அந்தப் பயம் அவளுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு விண்ணப்பத்தில் ஒரு கண்டம் உண்டு. தேர்வு மையத்துக்குப் புதுச்சேரி என்று தட்டினால் காரைக்கால், மாகே, ஏனாம் எல்லாம் வரிசையாக வந்து விழும். விரல் ஒரு வரி தவறினால் பையன் கேரளக் கரையில் போய்ப் பரீட்சை எழுத வேண்டியதுதான். சலீமா ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று தடவை பார்ப்பாள். பிறகு விண்ணப்பக்காரரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்வாள். பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள்கூட அவள் சாப்பிடப் போயிருந்தால் காத்திருப்பார்கள், வேறு யாரிடமும் காகிதத்தைக் கொடுக்க மாட்டார்கள். ஐந்து வருஷத்தில் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள். ஒன்றுகூடத் தப்பாகிப் போனதில்லை.

அப்படிப்பட்டவளுக்கு உள்ளூர ஒரே ஒரு ஆசை இருந்தது. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இங்கிலீஷ் படிக்க வேண்டும். அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு வருஷம் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு அனுப்பாமலே விட்டாள். மூன்றாவது வருஷம் அனுப்பினாள், தேர்வன்று மையத்தின் கேட் வரைக்கும் போனாள், உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டாள். மறுநாள் கடைக்கு வந்து, கேள்வி கஷ்டமாக இருந்தது என்று என்னிடமே பொய் சொன்னாள். உண்மையைச் சொல்ல எட்டு மாதம் ஆனது. எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

இந்த வருஷம் தப்பிக்க வழியில்லை. அவளுடைய அத்தா ஜலால் துணிக்கடையில் விற்பனையாளர், நல்ல மனுஷன். காரைக்காலில் இருந்து வந்த ஒரு வரனை அவர் மகளுக்காக நிறுத்தி வைத்திருந்தார். இந்த ஒரு தடவை எழுது, கிடைத்தால் நீ படிக்கிற வரைக்கும் நான் வாயே திறக்க மாட்டேன், கிடைக்கவில்லை என்றால் நான் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றாராம். நியாயமான பேச்சுதான். ஆனால் அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

படிப்பெல்லாம் கடையில்தான் நடந்தது, அதுவும் இராமதாஸ் சாருக்குத் தெரியாமல். படிக்கப் போகிறவளை எதற்கு வைத்துக்கொள்வது என்று வேறு ஆளைப் பார்த்துவிடுவார் என்று பயந்தாள். வீணாய்ப்போன பிரிண்ட் தாள்களின் பின்பக்கத்தில் குறிப்பெழுதி, கீபோர்டுக்கு அடியில் சொருகி வைத்திருப்பாள். கூட்டமில்லாத மத்தியானங்களில் நான் பழைய வினாத்தாளையும் விடைத்தாளையும் கையில் வைத்துக்கொண்டு கேள்வி எண்ணைச் சொல்வேன். அவள் ஒன்றா, இரண்டா, மூன்றா, நான்கா என்று சொல்ல வேண்டும். கேள்வியில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரு எழுத்தும் விளங்காது, ஆனால் ஒன்று விளங்கியது. இவள் முதலில் சொல்வது பெரும்பாலும் சரியாக இருந்தது. சொன்ன மறுநொடி முகம் மாறும். “இருங்கக்கா, ரெண்டு இல்ல, நாலு” என்பாள். அந்த நாலு தப்பாக இருக்கும். ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன். இருபது தப்பில் பதினாலு அவளே சரியாகச் சொல்லிவிட்டு மாற்றியவை. தப்புக்கு மார்க் வேறு பிடிப்பார்கள். எனக்கு அவள் தலையில் குட்ட வேண்டும் போலிருந்தது, குட்டவும் செய்தேன்.

இனி நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் கடையில் இருந்த ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்துக்குப் புகைப்படத்தோடு கையெழுத்தையும் ஏற்ற வேண்டும். வருகிறவர்களை வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடச் சொல்லி ஸ்கேன் செய்வோம். ஆளுக்கு ஒரு தாள் எதற்கு என்று ஒரே தாளில் ஒருவருக்குக் கீழே ஒருவராகப் போட வைப்போம். ஆறேழு கையெழுத்துச் சேர்ந்ததும் மொத்தமாக ஸ்கேன். பிறகு அவரவர் கையெழுத்தைத் தனித்தனியாக வெட்டி எடுத்துக்கொள்வாள் சலீமா. சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கடைகளிலும் இதே வழக்கம்தான்.

ஜனவரியில் அவள் தன் விண்ணப்பத்தை நிரப்பிய அன்று தாளில் ஐந்தாவது கையெழுத்து பூர்ணிமா என்ற பெண்ணுடையது. முதலியார்பேட்டைப் பெண், அதே தேர்வை வணிகவியலுக்கு எழுதுகிறவள். ஆறாவதாகச் சலீமா தன் கையெழுத்தைப் போட்டாள். பூர்ணிமாவின் விண்ணப்பத்தை வழக்கம்போல மூன்று தடவை பார்த்து அனுப்பினாள். தன்னுடையதை நிரப்பும்போது இராமதாஸ் சார் மூன்று தடவை எழுந்து வந்தார். அவர் வரும்போதெல்லாம் இவள் அந்தப் பக்கத்தைச் சுருக்கி மறைத்துவிட்டு வேறொன்றைத் திறந்தாள். கடைசியில் அவர் டீ வாங்கப் போன இரண்டு நிமிஷத்தில் படபடவென்று முடித்து அனுப்பிவிட்டாள். அத்தனை வருஷத்தில் அவள் திரும்பப் பார்க்காமல் அனுப்பிய விண்ணப்பம் அது ஒன்றுதான்.

மார்ச்சில், தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஹால் டிக்கெட் வந்தது. நோன்பு மாதம். அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிண்ட் கொடுத்தாள், தாள் என் பக்கத்து மெஷினில் வந்து விழுந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். பெயர் அவளுடையது, படம் அவளுடையது, மையம் வில்லியனூர்ப் பக்கம் ஒரு கல்லூரி, எல்லாம் சரி. படத்துக்குக் கீழே, உருண்டை உருண்டையான எழுத்தில், கடைசியில் ஒரு சுழியோடு, பூர்ணிமாவின் கையெழுத்து இருந்தது.

திருத்தம் செய்யக் கொடுத்த கெடு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கெடு எப்போது முடிகிறது என்று கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் சொல்லி எச்சரித்தவளே அவள்தான். முதல் வேலையாகப் பூர்ணிமாவின் ஹால் டிக்கெட்டைத் திறந்து பார்த்தாள். அது சரியாக இருந்தது. நல்லவேளை என்று மூச்சு விட்டாள். பிறகுதான் தன் டிக்கெட்டை மறுபடி கையில் எடுத்தாள்.

தேர்வு மையத்தில் மேற்பார்வையாளர் கண்ணெதிரே கையெழுத்துப் போட வேண்டும். ஹால் டிக்கெட்டில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்றால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாததால் எல்லாமே ஆகும் என்று தோன்றியது. ஆள்மாறாட்டம் என்பார்கள், போலீசைக் கூப்பிடுவார்கள், அத்தாவைக் கூப்பிடுவார்கள் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். எனக்கும் பயம்தான். ஆனால் நான் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. உதவி எண்ணுக்கு நானே போன் போட்டுக் கொடுத்தேன். வெகு நேரம் கழித்து ஒருவர் எடுத்தார். இங்கே ஒன்றும் செய்ய முடியாது, மையத்தில் சொல்லிப் பாருங்கள் என்று இங்கிலீஷில் சொல்லி வைத்துவிட்டார்.

“நான் போகலக்கா” என்றாள்.

அப்போதுதான் நான் அந்தப் புத்திசாலித்தனமான யோசனையைச் சொன்னேன். இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் காது சுடுகிறது.

“எதுக்குடி போய்ச் சொல்லிக்கினு? நாலு நாளு இருக்கு. அந்தப் பொண்ணு கையெழுத்த நீ போட்டுப் பழகு. டிக்கெட்ல இருக்குற மாதிரியே போட்டுட்டு உள்ள போய்டு. யாரு கேக்கப் போறா?”

அவள் மறுக்கவில்லை. பயந்தவர்களிடம் யார் உறுதியாகப் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வது வேதம் ஆகிவிடுகிறது. அன்றைக்கும் மறுநாளும் வினாத்தாள் பக்கமே அவள் திரும்பவில்லை. கிடைத்த தாளின் பின்பக்கமெல்லாம் பூர்ணிமா, பூர்ணிமா, பூர்ணிமா. முதலில் எழுத்து உடைந்தது. பிறகு சுழி சரியாக விழவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு தாளை என்னிடம் நீட்டினாள். கறுப்பு மையில் பத்து கையெழுத்துகள் இருந்தன. அதில் எது ஹால் டிக்கெட்டிலிருந்து நான் எடுத்த ஜெராக்ஸ், எது அவள் போட்டது என்று கண்டுபிடிக்கச் சொன்னாள். பதினோரு வருஷமாக அசலையும் நகலையும் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள் நான். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் உதடெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. “இது வந்துடுச்சுக்கா. இப்ப என் கையெழுத்து வர மாட்டேங்குது” என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, போட்டுக் காட்டு என்றேன். போட்டாள். முதல் எழுத்து அவளுடையது, முடிவில் பூர்ணிமாவின் சுழி வந்து ஒட்டிக்கொண்டது. இன்னொரு தடவை போட்டாள், அப்போதும் அப்படியே. நான் அந்தத் தாள்களையெல்லாம் வாங்கிக் கிழித்துக் குப்பையில் போட்டேன். யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று மறுபடி எடுத்து, இன்னும் பொடியாகக் கிழித்தேன். அவளுடைய வியாதி எனக்கும் தொற்றிவிட்டது.

தேர்வன்று காலை இராமதாஸ் சாரிடம் இருவருமே லீவு கேட்டோம். அவர் ஏன் என்று கேட்டார், நான் ஏதோ உளறினேன். சலீமாவை என் ஸ்கூட்டரில் உட்கார வைத்துக் கிளம்பினேன். நோன்பு, ஒரு வாய் டீ குடி என்றுகூடச் சொல்ல முடியாது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் தோளை அழுத்திய அழுத்தத்தில் மறுநாள் பார்த்தபோது கன்றிப்போயிருந்தது. மூன்றாவது வருஷம் திரும்பி வந்த கேட் இது இல்லை என்றாலும் எனக்குப் பயம் அதுதான். அதனால் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் வரிசையில் நின்று உள்ளே போய் மறையும் வரைக்கும் கேட்டை விட்டு நகரவில்லை. போகும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். கையெழுத்தை மறந்துடாதே என்று கையை ஆட்டிச் சைகை காட்டினேன், வெட்கம் கெட்டவள்.

வெளியே பெற்றோர்கள் ஒரு வேப்பமர நிழலில் நின்றார்கள். எனக்கு நிற்க முடியவில்லை. உள்ளேயிருந்து ஒரு செக்யூரிட்டி வெளியே வந்தாலும் சலீமாவைப் பற்றிக் கேட்கத்தான் வருகிறார் என்று தோன்றியது. ஒரு போலீஸ் வண்டி அந்தப் பக்கமாகப் போனது. நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஸ்கூட்டருக்குப் பின்னால் குனிந்து, டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். நாலு நாளாக அவளை ஏசிக்கொண்டிருந்த ஆள் நான்.

தேர்வு முடிந்து கூட்டம் வந்தது. எல்லோரும் போன பிறகு கடைசி ஆளாக அவள் வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. போகலாம் என்றாள். வில்லியனூர் தாண்டி ரோட்டோரமாக வண்டியை நிறுத்தி, சொல்லித் தொலை என்றேன்.

அவள் சொன்னது இதுதான். மேற்பார்வையாளர் ஒரு பதிவேட்டை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், அடையாள அட்டை கேட்டார். சலீமா எடுத்துப் போனது பான் கார்டு. அவளுடைய படமும், ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளே போட்ட கையெழுத்தும் அதில் இருந்தது. அந்த மனிதர் டிக்கெட்டையும் கார்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

நான் அங்கேயே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கார்டில் கையெழுத்து இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வருஷத்துக்கு நூறு பான் கார்டு ஜெராக்ஸ் எடுக்கிறேன். நான் சொல்லிக் கொடுத்தபடி அவள் பூர்ணிமாவின் கையெழுத்தைப் போட்டிருந்தால், அவள் நாலு நாளாகச் சொல்லிப் பயந்த அத்தனையும் அங்கேயே நடந்திருக்கும். அதற்குக் காரணம் நானாக இருந்திருப்பேன்.

அந்த மேற்பார்வையாளர் வாயைத் திறப்பதற்குள் இவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை, தவறு என்னுடையது என்று இங்கிலீஷில் சொன்னாளாம். கடையில் வாடிக்கையாளரிடம் ‘தேங்க் யூ’ சொல்லவே குரல் கம்முகிறவள். அவர் மையத்துக்குப் பொறுப்பான ஒரு அம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மா கடுகடுவென்று கேட்டுவிட்டு, நடந்ததை ஒரு பக்கம் எழுதிக் கொடு என்றார். எழுதினாள். கைநாட்டு வைத்தாள், தன் கையெழுத்தை மூன்று தடவை போட்டாள். வந்ததா என்று கேட்டேன். முதல் தடவை கோணலாக வந்தது, பிறகு சரியாகிவிட்டது என்றாள். தேர்வு எழுத விடுகிறோம், ஆனால் இதை மேலே அனுப்புவோம், முடிவை நிறுத்தி வைப்பதும் வெளியிடுவதும் அவர்கள் பாடு என்று சொல்லி உள்ளே விட்டார்கள். உட்காரும்போது பத்து நிமிஷம் போயிருந்தது. எந்தப் பதிலையும் மாற்ற நேரமில்லை.

“அவ்ளோ தைரியம் எங்கேர்ந்துடி வந்துச்சு?” என்று கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“தைரியமா? நீங்க வேறக்கா. பேனாவ தாள்ல வச்சதும் கை அந்தப் பொண்ணு கையெழுத்தத்தான் போடப் பாத்துச்சு. அப்ப ஒரு பயம் வந்துடுச்சு. பாஸாயி சீட்டும் கெடைச்சிட்டா, ரெண்டு வருஷமும் எல்லாத் தாள்லயும் பூர்ணிமா கையெழுத்தையே போட்டுக்கினு இருக்கணுமேன்னு. அதுக்கு அந்த சாரு இப்பவே தொரத்திட்டாப் பரவால்லன்னு தோணுச்சு.”

பயத்தை அதைவிடப் பெரிய பயத்தால்தான் அவள் ஜெயித்தாள். எப்படியோ, என்னைவிட அவளுக்குப் புத்தி இருந்தது.

கடைக்கு வந்ததும் இராமதாஸ் சாரிடம் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் “எங்கிட்ட சொல்லியிருந்தா நானே பக்கத்துல ஒக்காந்து சரிபாத்திருப்பனேம்மா” என்று மட்டும் சொன்னார். மறைக்கத் தேவையே இருந்திருக்கவில்லை. இரண்டு மாதமாக அந்த மனிதரைப் பார்த்துப் பயந்துதான் இத்தனையும் நடந்தது. அன்றைக்கே ஒரே தாளில் எல்லோரும் கையெழுத்துப் போடும் பழக்கத்தை அவர் நிறுத்தினார்.

பிறகு காத்திருப்பு. அதைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை, அவ்வளவு மோசமாக இருந்தது. ஈமெயில் வந்த சத்தம் கேட்டால் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்போம். நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று ஒரு கடிதம் எந்த நாளும் வரலாம். நோன்புப் பெருநாளைக்கு அவள் அத்தா எனக்கு பிரியாணி கொடுத்தனுப்பினார், நன்றாக எழுதியதாக மகள் சொன்னாள் என்று சந்தோஷமாகப் போனில் பேசினார். மற்றதை அவள் வீட்டில் சொல்லவில்லை. காரைக்காலில் இருந்து மறுபடி கேட்டார்களாம், அவர் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்.

தேர்வு முடிவை நிறுத்தவில்லை. மதிப்பெண் வந்தது, ஆனால் அது போதுமா என்று யாருக்கும் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தின் முதல் பட்டியலில் அவள் இல்லை. அன்று அவள் பதினேழு பேருக்கு அவர்களுடைய அனுமதிக் கடிதத்தை பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் வாழ்த்துச் சொன்னாள். இரண்டாவது பட்டியல் ஒரு வாரம் கழித்து, கடையில் கூட்டம் நெரியும் பதினொரு மணிக்கு வந்தது. அவள் திறந்தாள். பாதி வழியில் எழுந்து, என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

நான் மெதுவாகக் கீழே இறக்கினேன். சலீமா என்று ஒரு பெயர் இருந்தது. சொன்னேன். அவள் திரும்பவில்லை.

“ஊர்ல எத்தன சலீமா இருக்காங்க. நம்பரப் பாருங்கக்கா” என்றாள்.

இராமதாஸ் சார் வந்து பின்னால் நின்றார். வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டு, வாய்விட்டு அவளுக்குக் கேட்கும்படி படித்தேன். ஒரு தடவை படித்து முடித்ததும் இன்னொரு தடவை என்றாள். மூன்றாவது தடவையும் படித்தேன்.

அவள்தான்.